வெள்ளையா, சந்தன மஞ்சளா?

வீட்டுக்கு வண்ணம் பூச வேண்டும் என்பதில் குடும்பத்தில் கருத்து வேறுபாடு எழுவதில்லை. எந்த வண்ணம் என்ற கேள்வி வந்த பிறகுதான் வீடு இரண்டு கட்சியாகப் பிரிகிறது. திருவனந்தபுரம் வலியசாலை போன்ற பழைய தெருக்களில் இந்தப் பிரிவு பெரும்பாலும் ஒரே விதமாகவே அமைகிறது. பெரியவர்களுக்கு வெள்ளை வேண்டும். வெளியூரில் வேலை பார்த்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சந்தன மஞ்சள் வேண்டும். "வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்பது ஒரு தரப்பு. "மஞ்சள் அடித்தால் லாட்ஜ் மாதிரி இருக்கும்" என்பது மறு தரப்பு. சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வண்ண அட்டையைப் புரட்டியும் வழக்குத் தீருவதில்லை.

நாலு பக்கமும் தோட்டம் விட்டுத் தனியே நிற்கிற வீடாக இருந்தால் இதை வெறும் ருசி பேதம் என்று ஒதுக்கிவிடலாம். உடையவன் விரும்பிய நிறத்தை அவன் பூசிக்கொள்வான்; பிறருக்கு அதில் பேச்சு இல்லை. வலியசாலையில் நிலைமை அப்படி அன்று. அங்கே ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டின் முகப்பு தெரு முழுவதற்கும் முகப்பு. ஆகவே வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று பேரைக் கலந்து ஆலோசிக்க வேண்டியிருக்கிறது. சுவர் ஒருவர், உள்ளே வசிப்பவர் ஒருவர், அண்டை வீட்டார் ஒருவர். மூவரையும் கேட்டால் வரக்கூடிய தீர்ப்பு இதுதான்: தெருவைப் பார்க்கும் சுவருக்கு வெள்ளை, உட்சுவருக்கு வசிப்பவர் விருப்பம். இந்தத் தீர்ப்புக்குப் பழமைப் பற்று மட்டும் காரணம் அன்று.

தெருவின் அமைப்பு

வலியசாலை என்ற பெயருக்கே நீண்ட வரலாறு உண்டு. இங்குள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் மகாதேவர் கோயில் என்று வழங்கப்படுகிறது. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளில் இடம் பெறும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில்தான் இருந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர் உண்டு; வேறு இடம் சொல்வோரும் உண்டு. பிற்காலத்தில், 1795ம் ஆண்டில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. கோயில் பணி, அரண்மனைப் பணி, வாணிகம் என்று பல வழிகளில் தமிழ்க் குடும்பங்கள் கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் வலியசாலையிலும் வேரூன்றின. அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் தமிழ்நாட்டு அக்ரகார வீடுகளின் உறவுக்காரர்கள்.

அந்த வீடு அகலம் குறைந்தது; ஆழம் மிகுந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். இரு பக்கமும் பொதுச்சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முன்புறத்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் முற்றத்திலிருந்தும்தான் வர வேண்டும். இந்த ஒரு அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் வண்ண விவகாரத்தில் பாதி தெளிவாகிவிடும்.

சுவர் கேட்பது என்ன?

வண்ண அட்டையைப் பார்க்கும் முன்பு சுவரைப் பார்க்க வேண்டும். பழைய சுவர் செங்கல்லோ வெட்டுக்கல்லோ வைத்து, மண்ணாலோ சுண்ணாம்புக் காரையாலோ இணைத்துக் கட்டியது. மலையாளத்தில் அந்தக் காரையைக் கும்மாயம் என்பார்கள். இன்றைய கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுப்பு வைக்கிறார்கள். பழைய வீடுகளில் அந்தத் தடுப்பு இல்லை. மண்ணில் உள்ள ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரில் ஏறும். கிள்ளியாறு அருகில் ஓடுகிற பகுதியில், ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில், இந்த ஈரம் சிறிய விஷயம் அன்று. மதுரையில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மழை இது. இடவப்பாதியில் நனைந்த சுவர் உலர்வதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும்.

ஏறிய ஈரம் வெளியேற வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவரில் அது வெளியேறும். சுண்ணாம்பின் கதையே தனி. சுண்ணாம்புக் கல்லையோ சிப்பி ஓட்டையோ காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றில் உள்ள கரியமில வாயுவை மீண்டும் வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகும். அதாவது சுவரின் மேல் மிக மெல்லிய கல் ஏடு ஒன்று படிகிறது. அந்த ஏட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாக வெளியே போய்விடும். பூசிய புதிதில் அதற்குள்ள காரத்தன்மை பாசியையும் பூஞ்சையையும் அண்ட விடாது.

இப்போது கடையில் வாங்கும் எமல்ஷன் பூச்சு வேறு இனம். அது உலர்ந்ததும் பிளாஸ்டிக் போன்ற ஒரு படலமாகிவிடும். மழை நீர் உள்ளே போகாமல் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் கீழிருந்து ஏறிய ஈரம் வெளியே வருவதையும் அது தடுக்கும். வழி அடைபட்ட ஈரம் படலத்தைக் கொப்புளமாகத் தள்ளும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளே பூத்துக் காரையைப் பொடியாக்கும். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உரிந்து தொங்குகிற காட்சி பழைய தெருக்களில் வசிப்பவர்களுக்குப் புதிதன்று. பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரையும் வேலை சரியில்லை என்று பெயிண்டரையும் ஏசுவார்கள். பல இடங்களில் குற்றம் இருவரிடமும் இல்லை; அந்தச் சுவருக்கு அந்தப் பூச்சு ஏற்றதன்று, அவ்வளவுதான்.

சுண்ணாம்பிலும் நிறம் சேர்க்கலாம் என்பது உண்மையே. காவி, மஞ்சள் மண் போன்றவை காரத்தைத் தாங்கும். ஆனால் அவை மெல்லிய நிறத்தையே தரும். ஒவ்வொரு வாளிக்கும் நிறம் சற்று வேறுபடும். ஒரு மூலையில் பழுது பார்த்தால் ஒட்டுப் போட்டது தெரியும். வெள்ளைக்கு இந்தக் குறை இல்லை. எந்த ஆண்டு எந்த இடத்தில் பூசினாலும் பழையதோடு கலந்துவிடும். ஆண்டுதோறும் சிறு சிறு பழுது வருகிற சுவருக்கு இது பெரிய வசதி.

வெள்ளைக்குச் சொந்த ஊர்

வெள்ளை என்றால் வறட்சியான, வெளியூர் ஆஸ்பத்திரி நிறம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வெள்ளைப் பெயிண்டின் வெண்மைக்குக் காரணமான டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடியை இந்தியாவில் முதலில் தயாரித்தது இதே திருவனந்தபுரம்தான். கொச்சுவேளியில் உள்ள திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை 1946ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரைகளின் கருமணலில் உள்ள இல்மனைட்தான் அதற்கு மூலப்பொருள். கறுப்பு மணலிலிருந்து வெள்ளை பிறக்கிறது. அதே காலத்தில் கோட்டயம் நாட்டகத்தில் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் சிமெண்ட் தொழிற்சாலை, வேம்பநாட்டுக் காயலின் சிப்பி ஓட்டைக் கொண்டு வெள்ளைச் சிமெண்ட் செய்து நெடுங்காலம் விற்றது. சிப்பிச் சுண்ணாம்பு, கருமணல், வெள்ளைச் சிமெண்ட் என்று எந்த வழியில் பார்த்தாலும் வெள்ளை இந்த மண்ணின் சரக்கு.

கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள் பல வண்ணச் சுதைச் சிற்பங்களால் கண்ணைப் பறிக்கும். அது அவ்வூரின் அழகு. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் அமைப்பில் தமிழ்நாட்டுக் கோபுரமே; ஆனால் பல வண்ணம் பூசாமல் ஒரே வெளிர் நிறத்தில் நிற்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையிலும் வெண் சுவர், கருமரம், செவ்வோடு என்ற மூன்றே நிறம். பல வண்ணம் கூடாது என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. அடக்கமான நிறத்திலும் கம்பீரம் உண்டு என்பதற்கு இவை சாட்சி.

வெளிச்சமும் வெயிலும்

வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆகையால் வீடு குளிர்ந்திருக்கும் என்று வெள்ளைக் கட்சியார் வாதிடுவது வழக்கம். வாதம் சரி, ஆனால் அதை அளவோடு சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் நில நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் எட்டரை டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீடுகளில் ஒளிந்திருக்கிற தெரு வீட்டில் வெயில் தாக்குவது முதலில் கூரையை, பிறகுதான் முகப்பை. ஓடு எடுத்துக் காங்கிரீட் போட்ட வீடுகளில் குடியிருப்போருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே வெப்பத்துக்காக வெள்ளை வேண்டும் என்றால் அதை முதலில் மொட்டை மாடித் தளத்தில் பூச வேண்டும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021ம் ஆண்டில் சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைச் செய்து காட்டினார்கள். அகமதாபாத் நகரில் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் திட்டம் 2017ம் ஆண்டிலேயே தொடங்கியது. விலை உயர்ந்த பூச்சு எல்லாருக்கும் கிடைக்காது. சுண்ணாம்பு கிடைக்கும்.

முகப்பு வெள்ளையாக இருப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை வெப்பத்தில் அன்று, வெளிச்சத்தில்தான். குறுகலான தெருவில் எதிர் வீட்டு முகப்பு வெள்ளையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இந்த வீட்டின் ரேழிக்குள் வரும். இந்த வீட்டின் வெண்மை எதிர் வீட்டுக்குள் போகும். ஒவ்வொரு வீடும் எதிர் வீட்டுக்கு ஒரு விளக்கு. இரு பக்கமும் அழுத்தமான நிறத்தைப் பூசிவிட்டால் இருவரும் பகலிலேயே விளக்கைப் போட வேண்டியதுதான். கண் பார்வை மங்கிய முதியவர்கள் பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்டை வீட்டு நிறம்

பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரல் பாரிசில் கோபிலான் நெசவுச் சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தாம் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறத்தின் தோற்றம் அதன் பக்கத்து நிறத்தைப் பொறுத்தது என்பதை அவர் 1839ம் ஆண்டில் நூலாகவே எழுதி வெளியிட்டார்.

தெரு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. கடையில் அட்டையில் பார்த்த இதமான சந்தன மஞ்சள், பச்சை முகப்பின் பக்கத்தில் ஒரு மாதிரியும், நீல முகப்பின் பக்கத்தில் வேறு மாதிரியும் தோன்றும். ஆண்டு கழித்து அண்டை வீட்டார் வேறு நிறம் பூசினால் இந்த வீட்டின் நிறமும் செலவில்லாமல் மாறிவிடும். ஆளுக்கொரு நிறம் என்று போட்டியிட்டுப் பூசும் தெருவில் யாருமே தாம் விரும்பிய நிறத்தைப் பெறுவதில்லை. ஒன்றையொன்று மிஞ்சப் பார்த்து எல்லாம் கூச்சலாகிவிடுகின்றன.

1876ம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக ஜெய்ப்பூர் நகருக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூச மன்னர் இராம்சிங் ஏற்பாடு செய்தார். ஒரு விருந்தாளிக்காகப் பூசிய நிறம் நகரின் பெயராகவே ஆகிவிட்டது. 2019ம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்நகர் இடம் பெற்றது. ஒரே நிறம் என்ற ஒற்றுமைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அது எடுத்துக்காட்டு. ஆனால் அது மன்னர் கட்டளை. இன்று மன்னரும் இல்லை. அப்படிக் கட்டளையிடுவது விரும்பத்தக்கதும் அன்று. பாலக்காட்டுக் கல்பாத்தி பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்டபோது தெருவின் முகத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அதே சமயம் வீட்டைத் திருத்தக்கூட அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறதே என்று குடியிருப்போர் குறைபட்டதும் உண்டு. மேலிருந்து வரும் கட்டளையைவிடத் தெருவார் கூடிப் பேசி வரும் இணக்கமே நிலைக்கும். பத்து வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய விஷயம் இது.

அந்தப் பேச்சில் பழைய குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்தால் போதாது. அக்ரகாரத் தெருக்களில் வீடுகள் கைமாறுகின்றன. வாடகைக்கு வருபவர்கள் உண்டு. வெள்ளைச் சுண்ணாம்பு எந்தச் சாதிக்கும் தனிச் சொத்தன்று. குடிசைக்கும் கோயிலுக்கும் ஒரே சுண்ணாம்புதான் பூசப்பட்டது. புதிதாக வந்தவரையும் அழைத்து வைத்துப் பேசினால்தான் அது தெருவின் முடிவாகும். இல்லையென்றால் சிலரின் முடிவு பலரின் மீது சுமத்தப்பட்டதாகிவிடும்.

மறுப்புகள்

மறுதரப்பின் வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை. முதலாவது, வெள்ளைச் சுவர் மழையில் கறுத்துப் போகிறது. உண்மைதான். ஆனால் மஞ்சளும் கறுக்கும். சில மாதம் பிந்தித் தெரியும், அவ்வளவே. கறுப்பு வருவது நிறத்தினால் அன்று, ஈரத்தினால். சுவர் உச்சியில் ஓட்டுச் சரிவு வெளியே நீண்டிருந்தால், மழை நீர்க் குழாய் ஒழுகாமல் இருந்தால், சுவரடியில் நீர் தேங்காமல் இருந்தால் பாதிக் கறுப்பு வராது. வண்ணத்துக்குச் செலவழிக்கும் முன்பு குழாய்க்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, சுண்ணாம்பு உடையில் ஒட்டுகிறது. அடிக்கடி பூச வேண்டும். பூசத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. இதுவும் உண்மை. கெட்டியாகக் கரைத்து ஒரே பூச்சாகத் தடித்துப் பூசினால் ஒட்டத்தான் செய்யும். சுவரை நனைத்துவிட்டு, நன்றாக வடிகட்டி, பசையோ கஞ்சியோ சேர்த்து, மெல்லியதாக மூன்று பூச்சு பூசினால் ஒட்டுவது குறையும். துளி நீலம் கலந்தால் வெண்மை எடுக்கும். ஆள் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் பத்து ஆண்டில் சுண்ணாம்பு மலிவு என்று சாதிக்க முடியாது. ஆனால் ஈரச் சுவரில் எமல்ஷன் பூசி, காரை பெயர்ந்து, சுவரையே மறுபடி பூச நேர்ந்தால் ஆகும் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

மூன்றாவது, எல்லா வீடும் பழைய வீடு அன்று. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இடித்துச் சிமெண்டால் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பே வேண்டும் என்பது அர்த்தமற்ற பிடிவாதம். அங்கே வெளிச்சுவர் எமல்ஷன் நன்றாக நிற்கும். அதிலும் வெள்ளையோ மிக வெளிர் நிறமோ எடுத்துக்கொண்டால் தெருவோடு ஒத்துப்போகும். ஏற்கெனவே எமல்ஷன் பூசிய பழைய சுவரில் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் பிடிக்காது. சுரண்டி எடுத்தாக வேண்டும். சுண்ணாம்புப் பொடி நிற்கும் சுவரில் சுரண்டாமல் எமல்ஷன் அடித்தாலும் நிற்காது.

நான்காவது, பூச்சே வேண்டாம் என்ற ஒரு கட்சியும் இவ்வூரில் உண்டு. இங்கிலாந்தில் 1917ம் ஆண்டில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007ம் ஆண்டில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதன் தலைவர். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்களில் செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட்டார். செங்கல்லுக்கென்று ஓர் அழகு இருக்கும்போது அதை மறைக்கப் பணம் செலவழிப்பானேன் என்பது அவர் கட்சி. பூசாமல் நிற்கும்படி பார்த்துக் கட்டிய சுவருக்கு அது மிகச் சரி. பூச்சை நம்பிக் கட்டிய பழைய சுவரின் காரையை உரித்துவிட்டுச் செங்கல்லைக் காட்டுவது சரியன்று. பேக்கரிடம் கற்க வேண்டியது செங்கல் மோகத்தை அன்று. சுவரின் குணத்துக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்ற நேர்மையை.

மஞ்சளுக்கும் இடம் உண்டு

வெளியே வெள்ளை என்று முடிவானால் சந்தன மஞ்சள் கேட்ட பிள்ளைகள் தோற்றுப்போனதாகாது. உட்புறத்தில், கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில் வெளிர் சந்தன நிறம் வெள்ளையைவிட இதமாகவே இருக்கும். செங்காவித் தரையின் சாயல் சுவரில் படும்போது வெள்ளை சற்றுச் சிவந்து தெரியும். சந்தனம் அதை ஏற்றுக்கொள்ளும். வெளிச்சம் எட்டாத ரேழிக்கு மட்டும் உள்ளேயும் வெள்ளையே நல்லது.

கடை அட்டையை நம்பி முடிவு செய்யக் கூடாது. இரண்டு நிறத்திலும் சிறு டப்பா வாங்கிச் சுவரில் இரண்டடிச் சதுரமாகப் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கு வைத்த பிறகும் மூன்று நான்கு நாள் பார்க்க வேண்டும். சிறு அட்டையில் மென்மையாகத் தெரியும் நிறம் பெரிய சுவரில் அழுத்தமாகத் தெரியும். ஆகவே விரும்பியதைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது நலம். சுண்ணாம்பு ஈரத்தில் மங்கலாகத் தெரிந்து உலர்ந்த பிறகே வெளுக்கும்; பூசிய அன்றே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஈரம் இருக்கிறதா என்று தெரிய, பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விட்டால் போதும். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கதவு, ஜன்னல், கம்பி அழிகளுக்கு முன்பு பூசிய மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் கலந்திருப்பது சகஜமாக இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017ம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடக் கூடாது. நனைத்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்போது விலக்கி வைக்க வேண்டும். சுண்ணாம்பும் சாதுவன்று, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

காலமும் கருத்தில் கொள்ளத்தக்கது. நவராத்திரிக்கு வேளிமலை முருகன் பக்கத்து ஆரியசாலைக்கு எழுந்தருளும் சமயத்தில் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பு. ஆனால் அந்த அவசரத்தில் பூசிய வண்ணத்தின் மேல் துலாவர்ஷம் இடி மின்னலோடு கொட்டும். தை பிறக்கும் முன் வெள்ளை அடிக்கும் பழைய வழக்கத்தில் சுவரின் நலமும் அடங்கியிருந்தது. துலாவர்ஷம் ஓய்ந்து, சுவர் உலர்ந்து, அடுத்த இடவப்பாதிக்கு முன் சுண்ணாம்பு கல்லாக நான்கைந்து மாதம் கிடைக்கிறது. நவராத்திரிக்குக் கோலமும் விளக்கும் போதும். வெள்ளைக்குத் தை மாதமே ஏற்றது.

தெருவில் ஒரு வீடு நிறம் மாறினால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் நிறத்தில் தொடங்குவது நிறத்தோடு நிற்பதில்லை. இது என் சுவர், என் விருப்பம் என்ற பேச்சு வளர்ந்து திண்ணையை அடைத்துக் கடை ஆக்குவதிலும், பொதுச்சுவரைக் கேட்காமல் இடிப்பதிலும் போய் முடிகிறது. அதற்கு மாறாக, எந்த நிறம் பூசலாம் என்று அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கிற பழக்கம் வந்தால், ஒழுகும் ஓட்டையும் அடைபட்ட சாக்கடையையும் பற்றிக் கூடிப் பேசுகிற பழக்கமும் தானாக வரும். இந்த ஆண்டு வெள்ளை அடிக்கப் போகிறவர்கள் வண்ண அட்டையைக் கையில் எடுக்கும் முன்பு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டட்டும்.